இரண்டாவது இலை

கடலூர் ஓ.டி.
12-6-1966

மைத்துனன் மணவாளனுக்கு மாமா நடனசபாபதி எழுதுவது. நீயும் உன் பிள்ளைகளும் குறையில்லாமல் இருக்க வேண்டும். இங்கே குறை இருக்கிறது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

பினாங்கிலிருந்து என் பெயருக்கு நீ ஒரு கடிதம் போட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. உன் அக்காவுக்கு மட்டும் பூப்போட்ட தபால்தலை ஒட்டி வரும். அவளுக்கு எழுத்து தெரியாது என்பதால் அதை நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். கடைசி வரியில், 'மாமாவையும் கேட்டதாகச் சொல்லவும்' என்று இருக்கும். ஒரு கடிதத்தில், 'மாமா இன்னும் பொம்பளைங்களப் பயங்காட்டித்தான் பொழைக்கிறாரா?' என்று என் நாவல்களைப் பற்றி எழுதியிருந்தாய். அதையும் நானே, குரல் மாறாமல் வாசித்தேன். எனக்குக் கோபம் இல்லை என்று நினைத்துவிடாதே. இருக்கிறது. எழுதுவதற்கு வேறு ஆள் இல்லாததால் உனக்கு எழுதுகிறேன்.

உன் அக்கா ராணியம்மாளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

மற்ற எல்லாரையும் தெரிகிறது. பக்கத்து வீட்டுத் தில்லையம்மாளைத் தெரிகிறது, பால்காரரைத் தெரிகிறது, உன் பிள்ளைகள் பிறந்த மாதம்கூட நினைவிருக்கிறது. என்னை மட்டும், அவர் மாதிரியே இருக்கிற வேறு யாரோ என்கிறாள். அவர் முகம், அவர் நடை, அவர் மூக்குக்கண்ணாடி, ஆனால் அவர் இல்லை. என்னிடம் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. 'அய்யா' என்று கூப்பிடுகிறாள்.

சித்திரை மாதக் கடைசியில் இது தொடங்கியது. நான் சாப்பிட்டு எழுந்த இலையில்தான் அவள் சாப்பிடுவாள் என்பது உனக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். இது என்ன பழக்கம் என்று நான் எவ்வளவோ கண்டித்திருக்கிறேன், கேட்டதில்லை. அன்று நான் கை கழுவிவிட்டு வந்து பார்த்தால், என் இலையைச் சுருட்டி வெளியே போட்டுவிட்டுத் தனக்கு வேறு இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மனித மனத்தைப் பற்றியே இருபத்திரண்டு நாவல் எழுதியவன், கடைசியில் இவளும் திருந்திவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு வந்து, 'அய்யா, நீங்க எப்ப கெளம்புறீங்க? அவுங்க வர்ற நேரம்' என்றாள்.

முதலில் விளையாட்டு என்று நினைத்தேன். பிறகு அதட்டினேன். அதன் பிறகு நிரூபிக்க ஆரம்பித்தேன். மணவறையில் மாலை மாற்றும்போது அவள் கொண்டை ஊசி என் சட்டையில் மாட்டிக்கொண்டு, இரண்டு பேரும் அசைய முடியாமல் நின்றதைச் சொன்னேன். 'அது ரெண்டாவது கதையில இருக்குதுங்களே' என்றாள். வடலூர்ப் பூசக் கூட்டத்தில் அவள் தொலைந்துபோனதையும், நான் ஊரெல்லாம் தேட, அவள் திட்டக்குடிக் குடும்பம் ஒன்றோடு உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்ததையும் சொன்னேன். 'அது டாக்டர் பொண்டாட்டி கதையில வருது' என்றாள். குமராட்சியில் என் சித்தப்பா வீட்டுக்குள் கொள்ளிடத்து வெள்ளம் வந்தபோது, நெல் குதிர்மேல் ஏறிக்கொண்டு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பைச் சொன்னேன். அதற்குக் கதை எது என்றுகூட அவள் சொல்லவில்லை. என்மேல் இரக்கப்பட்டவள் போல, 'அய்யா, அவுங்க ஒண்ணையும் உட்டு வைக்கல. எல்லாத்தையும் எழுதிப்புட்டாங்க. பஸ் ஸ்டாண்டுல தொங்குது. யார் வேணா படிச்சுட்டு வந்து சொல்லலாம்' என்றாள்.

அவள் சொன்னது உண்மைதான் மணவாளா. எங்களுக்குள் இருந்ததை எல்லாம் எழுதி அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். இன்னொருவன் திருடியிருந்தால் கோர்ட்டுக்குப் போயிருப்பேன்.

போன வருடம் வந்த நாவல்தான் இதற்குக் காரணம் என்று ஊரில் பேசுகிறார்கள். நீ படித்திருக்க மாட்டாய் என்பதால் கதையைச் சொல்கிறேன். கப்பலேறிப் போன கணவன் திரும்பி வருகிறான். மனைவி மட்டும் இவர் அவரில்லை என்கிறாள். ஊர் அவளைப் பைத்தியம் என்கிறது. அவளுக்கு மனக்கோளாறு என்றுதான் முதலில் முடித்திருந்தேன். எந்த அத்தியாயத்தையும் உன் அக்காவுக்கு வாசித்துக் காட்டாமல் அச்சுக்கு அனுப்புவதில்லை. அவள் அரிவாள்மனையில் மீன் ஆய்ந்துகொண்டே கேட்பாள். கை நின்றால் அத்தியாயம் சரி. நிற்காவிட்டால் நான் திரும்ப எழுத வேண்டும். அந்தக் கடைசி அத்தியாயத்துக்கு அவள் கை நிற்கவில்லை. 'இது பொய்யி. கட்டுனவளுக்குத் தெரியாதா? அவ சொல்றதுதான் நெசம்' என்றாள். மாற்றி எழுதினேன். வந்தவன் வேறு ஆள் என்றே முடித்தேன். நான் எழுதியதில் அதுதான் அதிகம் விற்றது.

அதை வைத்துக்கொண்டு வெற்றிலைக் கடைக் காத்தவராயன், 'அய்யா, இப்ப இங்க நிக்கிறது கதை எழுதுனவரா, கதையில வந்தவரா?' என்று கேட்டு நாலு பேரைச் சிரிக்க வைத்தான். அன்றோடு வெற்றிலையை விட்டுவிட்டேன்.

சிதம்பரத்தில் மனநோய் பார்க்கும் டாக்டர் ஒருவர் வாரம் ஒருநாள் வருகிறார். அங்கே அழைத்துப் போனேன். அவர் என் பெயரைக் கேட்டதும் எழுந்துகொண்டு, தன் மனைவி என் வாசகி என்றார். இது உலகத்தில் உள்ள நோய்தான், புத்தகம் படித்து வருவதில்லை என்று தெளிவாகச் சொன்னார். இதை நீ இரண்டு முறை படி. நோயாளி யாரிடம் உயிரை வைத்திருக்கிறாரோ அவரைத்தான் வேறு ஆள் என்பாராம். கேட்க எனக்கு நன்றாகத்தான் இருந்தது. கையில் மாத்திரையைக் கொடுத்து அனுப்பினார். அறியாத ஆள் கையால் மாத்திரை வாங்கிச் சாப்பிட மாட்டேன் என்கிறாள் உன் அக்கா. அதுவும் நியாயம்தானே. சென்னை ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னார். அங்கே மண்டையில் மின்சாரம் வைப்பார்கள். கப்பல்காரர்கள் எடைக்குப் போட்டுவிட்டுப் போன இங்கிலீஷ் புத்தகங்களை அகராதியை வைத்துக்கொண்டு படித்தவன் நான். எனக்குத் தெரியும். சேர்க்க மாட்டேன்.

அங்கிருந்து கோயிலுக்குப் போக வேண்டும் என்றாள். தீட்சிதர் தட்டை வாங்கிக்கொண்டு பெயர், நட்சத்திரம் கேட்டார். என் பெயரை அவள் வாயால் சொன்னதே கிடையாது. சாமியைக்கூட 'ஆடறவரே' என்றுதான் கும்பிடுவாள், பெயர் வந்துவிடுமோ என்று. என் பக்கம் திரும்பி, 'அய்யா, அவுங்க பேரைக் கொஞ்சம் நீங்க சொல்லிடுங்க' என்றாள். சொன்னேன். நடனசபாபதி, திருவாதிரை நட்சத்திரம். 'எங்க இருந்தாலும் நல்லபடியா வந்து சேரணும்' என்று கும்பிட்டாள். திருநீற்றை முதலில் எனக்குத்தான் நீட்டினாள், விருந்தாளி என்பதால்.

நீ வர வேண்டும். வந்து என் பக்கத்தில் நின்று, 'அக்கா, இவுங்கதான் மாமா' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நீ சொல்லி அவள் எதையும் தட்டியதில்லை. கணவன் வராமல் எப்படிச் சாப்பிடுவது என்று பகலில் ஒரு பிடி சோற்றோடு எழுந்துவிடுகிறாள். நான் அவள் கண்ணெதிரில் வயிறு நிறையச் சாப்பிடுகிறேன். அது கணக்கில் சேரவில்லை.

புறப்படும் தேதியை எழுது.

நடனசபாபதி


கடலூர் ஓ.டி.
10-7-1966

மணவாளனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் தணிந்தது என்று எழுதியிருந்தாய், நல்லது. தை மாதத்துக்கு முன் லீவு கிடையாது என்பதையும் அறிந்தேன். 'கதை சொல்லிச் சொல்லியே அக்கா புத்தியக் கலைச்சிட்டீங்க மாமா' என்று எழுதியிருக்கிறாய். டாக்டர் சொன்னதை இரண்டு முறை படி என்று எழுதியிருந்தேன். நீ ஒரு முறையும் படிக்கவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

அவள் தில்லையம்மாளின் மகளை விட்டு உனக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறாள் என்பதை நீ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். 'வீட்ல ஒரு அய்யா வந்து தங்கியிருக்காங்க, கெட்டவங்களாத் தெரியல, உங்க மாமாவத்தான் காணோம், கப்பல் கதை எழுதணும்னு சொல்லிட்டிருந்தாங்க, அங்க வந்தாங்களா' என்று கேட்டாளாமே. அதைப் படித்துவிட்டு நீ என்னை, 'நெசமாவே நீங்க மாமாதானா?' என்று கேட்கிறாய். விளையாட்டாக எழுதியிருப்பாய். அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று உனக்குத் தெரியாது.

ஆனி மாதத்துக்கு நாவல் போகவில்லை. பிரசுரத்திலிருந்து ஆள் அனுப்பிக் கேட்கிறார்கள். இரண்டு அத்தியாயம் எழுதினேன். நன்றாக இருக்கிறதா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. தில்லையம்மாளைக் கூப்பிட்டு உட்கார வைத்து வாசித்துப் பார்த்தேன். கொலைகாரன் யார் என்று தெரிகிற இடத்தில் குறட்டை விட்டாள். கேட்டால், 'நல்லாத்தான் இருக்குது, தொடர்ந்து படிங்க' என்கிறாள். உன் அக்கா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். 'நீங்களும் எழுதுவீங்களா?' என்று மட்டும் கேட்டாள்.

இனி எழுதப் போவதை வேறு யாரிடமும் சொல்லக் கூடாது. உன் மனைவியிடமும் சொல்லாதே.

நான் எழுதாமல் விட்ட விஷயம் ஒன்று இருக்கத்தான் வேண்டும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். ஒன்றே ஒன்று இருந்தது. எனக்கு இருட்டில் பயம். படிக்கிறவர்கள் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு படிக்கிறார்களே அந்தக் கதைகளை எழுதிவிட்டு, எனக்குத் தனியாகப் படுக்க முடியாது. நெஞ்சு அடித்துக்கொள்ளும். உன் அக்கா என் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு படுத்தால்தான் தூக்கம் வரும். கல்யாணமான புதிதிலிருந்து அப்படித்தான். அவள் யாரிடமும் சொன்னதில்லை. நானும் எந்தக் கதையிலும் எந்த மனிதனுக்கும் அந்தப் பயத்தைக் கொடுத்ததில்லை. மானக்கேடாக இருந்தது. இப்போது அவள் தில்லையம்மாள் வீட்டில் போய்ப் படுத்துக்கொள்கிறாள். நான் எப்படிப் படுக்கிறேன் என்று நீ கேட்க வேண்டாம்.

போன வெள்ளிக்கிழமை காலையில் அவள் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்ததும் அதைச் சொன்னேன். முழுவதும் சொன்னேன். எந்தக் கை என்றும் சொன்னேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு நான் யார் என்று தெரிந்துவிட்டது என்று நினைத்து எழுந்துவிட்டேன் மணவாளா. கையைக்கூட நீட்டினேன்.

'இத அவுங்க உசுரோட இருந்தா யார்கிட்டயும் சொல்லமாட்டாங்க' என்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். 'உசுரு போற நேரத்துலதான் சொல்லியிருப்பாங்க. நீங்க பக்கத்துல இருந்தீங்களா? அவுங்கள என்ன பண்ணீங்க?' என்றாள்.

என் கதையில் இப்படி ஒரு இடம் வந்திருந்தால் அவள் கை நின்றிருக்கும்.

அன்றிலிருந்து சோறு தொடவில்லை. தில்லையம்மாள் மடியில் போட்டு மோர் புகட்டுகிறாள். அதுவும் பாதி வெளியே வந்துவிடுகிறது. தாலியைக் கையில் பிடித்தபடியே இருக்கிறாள். கழற்றவும் இல்லை, விடவும் இல்லை. 'செய்தி ஒண்ணு வரட்டும்' என்கிறாள். இருக்கிறார் என்றால் இருக்கிறார், இல்லை என்றால் இல்லை, யாராவது வந்து சொல்ல வேண்டுமாம். நான் அவள் எதிரில் நடமாடுவதில்லை. கொல்லைப் பக்கமாக வந்து போகிறேன்.

லீவுக்கு மறுபடி கேட்டுப் பார். உன் முதலாளி மண்டிக்காரரிடம் அக்கா சாகக் கிடக்கிறாள் என்று சொல். பொய் ஆகாது.

நடனசபாபதி


கடலூர் ஓ.டி.
21-7-1966

மணவாளா,

உன் பதிலுக்குக் காத்திருக்க இனி நேரமில்லை. ராணி நடமாடுவதில்லை. கண் மட்டும் வாசலைப் பார்க்கிறது. தபால்காரர் மணி அடித்தால் தலையைத் தூக்குகிறாள். நேற்று தூக்க முடியவில்லை.

இந்த உறையில் இன்னொரு கடிதம் வைத்திருக்கிறேன். அவள் பெயருக்கு, என் கையெழுத்தில். அதைப் புது உறையில் போட்டு, பினாங்கிலிருந்து அவளுக்கு ஆகாயத் தபாலில் அனுப்பு. அதில் எழுதியிருப்பதை உனக்குச் சொல்லிவிடுகிறேன். நான் பினாங்கில் உன் வீட்டில் இருக்கிறேன். கப்பல் கதை எழுதுவதற்காக அவளிடம் சொல்லாமல் புறப்பட்டு வந்தேன், சொல்லாமல் வந்தது என் தப்பு. இங்கே இரண்டு வேளையும் சாப்பிடுகிறேன். உன் மனைவி வைக்கும் மீன் குழம்பில் புளி ஜாஸ்தி. வீட்டில் தங்கியிருக்கும் அந்த அய்யா எனக்குச் சினேகிதர். அவருக்கும் இருட்டில் பயம் என்பதால் என் சங்கதியை நான்தான் அவரிடம் சொன்னேன், அவர் மேல் சந்தேகப்பட வேண்டாம். அவர் போக இடமில்லாதவர். நான் வரும்வரை இருக்கட்டும், துரத்திவிடாதே. நான் இங்கே சாப்பிட்டுவிட்டேன், இதைக் கேட்டதும் நீ சாப்பிடு.

'தப்பு' என்ற வார்த்தையை அவளிடம் நான் பேச்சில்கூடச் சொன்னது கிடையாது. அதைப் பார்த்துவிட்டு நீ எதுவும் எண்ணிக்கொள்ள வேண்டாம். கடிதம் சரியாக இருப்பதற்கு அது தேவைப்பட்டது.

பேய், பிசாசு, பொய்யான திருப்பம் எதுவும் என் நாவலில் இருந்ததில்லை. நடக்க முடியாததை நடந்ததாக எழுதி ஏமாற்றியவன் என்று என்னை எவனும் சொன்னதில்லை. இதை நீ அறிவாய், அறியாவிட்டாலும் இப்போது அறிந்துகொள். இந்த ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் ஆயிற்று. முன்னே ஒரு நாளில் இரண்டு அத்தியாயம் எழுதுவேன்.

உன் பங்குக்கு நீயும் நாலு வரி எழுதி வை. மாமா இளைக்கவில்லை, ராத்திரியில் உன் பிள்ளைகளைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிறார் என்று எழுது. அவளுக்கு அந்தக் கவலைதான் பெரிதாக இருக்கும். என் கடிதத்தில் ஒரு எழுத்தையும் திருத்தாதே. பூப்போட்ட தபால்தலையாக ஒட்டு. எழுத்து தெரியாவிட்டாலும் அந்தப் பூவை அவளுக்குத் தெரியும்.

தை மாதத்தில் நீ வர வேண்டாம். நீ வந்தால் மாமா எங்கே என்று கேட்பாள். மாதம் ஒரு கடிதம் எழுதி உனக்கு அனுப்புகிறேன், நீ அங்கிருந்து தபாலில் சேர்த்துக்கொண்டிரு. இனி நாவல் கிடையாது என்று பிரசுரத்துக்கு எழுதிவிட்டேன். மாதம் ஒன்றுதான் என்னால் எழுத முடியும்.

தில்லையம்மாளின் மகள் சொல்லச் சொல்ல நாலு வரி எழுதிவிடுவாள், ஆனால் என் கூட்டெழுத்தை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள், முழுக் கடிதம் அவளால் ஆகாது. என்னைத்தான் வாசிக்கச் சொல்வார்கள். அன்று காலையில் தில்லையம்மாளிடம் சொல்லிச் சங்கரா மீன் வாங்கி அவள் பக்கத்தில் வைக்கச் சொல்வேன். ஆய வேண்டாம், கையில் ஒன்றை எடுத்தால் போதும். நான் எதிரில் உட்கார்ந்து, வேறொருவர் கடிதத்தை வாசிப்பதுபோல் வாசிக்க வேண்டும். அவள் கையைப் பார்த்துக்கொண்டே வாசிப்பேன். பொய்யை அவள் உடனே கண்டுபிடித்துவிடுவாள், எனக்கு அந்தப் பயம் இருக்கிறது. ஆனால் என் முகத்தை மறந்தாலும் என் எழுத்தை அவள் மறந்திருக்க மாட்டாள். கேட்டு முடித்ததும், 'இது அவுங்கதான்' என்று சொன்னால் போதும். அதைக் கேட்க நான் அங்கே இருப்பேன்.

உனக்கும் எனக்கும் உள்ள கசப்பை எல்லாம் அப்படியே வைத்துக்கொள். அதை நான் கரைக்கச் சொல்லவில்லை. இதை மட்டும் நாளை என்று தள்ளாமல் இன்றே தபாலில் சேர்த்துவிடு. உன் பிள்ளைகள் உன் பேச்சைக் கேட்டு நன்றாக வளரட்டும்.

ஒன்று மறந்துவிட்டேன். உன் கடிதத்தில் கடைசி வரியாக, 'மாமாவையும் கேட்டதாகச் சொல்லவும்' என்று பழக்கத்தில் எழுதிவிடாதே. மாமா உன்னோடுதான் இருக்கிறார்.

நடனசபாபதி